மடகாஸ்கர் வடலி

பூவனநாதன் அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டார்.

சிரிக்காதீர்கள். பட்டப்பகலில் கேட்டார். நாலு பேர் முன்னால் கேட்டார். அதுவும் மருமகளிடம் கேட்டார். கோயில்பட்டித் தெருக்குழாயில் சித்திரை மாதம் முழுக்கத் தினமும் தண்ணீர் வந்தது என்று சொன்னால்கூட நம்பிவிடுவீர்கள், இதை நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டிச் சொல்வது என் வழக்கமில்லை என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம்.

பெயிண்டுக் கடையை மகன் சங்கரபாண்டியன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தவர் பூவனநாதன். அப்புறம் வெளிநாட்டுப் பனைப் பைத்தியம் பிடித்தது. கரிசல் மண் ஆகாது, மழையில் உப்பி வெயிலில் வெடித்து வேரை அறுத்துவிடும் என்று புறவாசலில் மணலும் செம்மண்ணும் கலந்து ஒரு மேடே எழுப்பினார். கழுகுமலைக்கு அடுத்த உயரம் அதுதான். அதில் பாட்டில் பனை, நரிவால் பனை, விசிறிவாழை, அடீனியம் என்று ஏழு கண்டமும் வந்து குடியேறின. அக்கினி நட்சத்திரத்தில் ஹெலிகோனியாவுக்குக் குடை பிடித்து நின்றார் மனிதர். குடைக்கு வெளியே இருந்தது அவர் தலை.

அந்தச் சபையின் ராஜா, மடகாஸ்கர் நீலப் பனை. விதை போட்டு அவரே முளைக்க வைத்தது. இடுப்புயரம் வளர்ந்து, விசிறி விசிறியாக ஓலை விட்டிருந்தது. "நீலம் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டால், "அது காலையிலதான் தெரியும்" என்பார். காலையில் போய் நின்றால், "சாயங்கால வெயில்ல வாங்க" என்பார்.

திருக்கார்த்திகை அன்று அவருடைய மருமகள் முத்துச்செல்வி அந்த நீலப் பனையின் குருத்தையும் இரண்டு ஓலைகளையும் வெட்டி, ஓலைக் கொழுக்கட்டை அவித்துவிட்டாள். பசுவந்தனை விவசாயி சுடலைராஜின் மகள் அவள். பச்சரிசி மாவு, கருப்பட்டி, சிறுபயறு எல்லாம் பிசைந்து ஓலைக்குள் வைத்துக் கட்டி அவிக்காமல் அவளுக்குக் கார்த்திகை ஏது?

சரியாக அந்த நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து இரண்டு பனைப் பிரியர்கள் நீலப் பனையைப் பார்க்க வந்திருந்தார்கள். மொட்டையான ராஜாவைப் பார்த்த பூவனநாதன், அவர்கள் முன்னாலேயே மருமகளை ஏசிவிட்டார். கடைசியாகச் சொன்னதுதான் கொடுமை.

"ஒங்க அப்பன் கரிசக்காட்டுல இதுமாதிரி ஒரு ஓலை முளைக்குமாட்டி?"

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்ற அவள் கணவன் சங்கரபாண்டியன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். விடிந்ததும் அவள் ஒரு பையோடு பசுவந்தனை பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போன அதே காலையில், பூவனநாதன் வெட்டுப்பட்ட பனையைப் படமெடுத்து, 'அபூர்வப் பனை அன்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே, 'கொலை செய்யப்பட்டது' என்று எழுதினார்.

இரங்கல் குவிந்தது. ஒருவர் மலர்வளையமே அனுப்பினார். திருச்செந்தூர்க்காரர் ஒருவர், 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்று கும்பிட்ட கைகள் போட்டார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. ஒரு தலைவருக்குக்கூட இவ்வளவு வராது.

பிறகு சாமித்துரையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கார்த்திகை அன்று வந்த தூத்துக்குடிக்காரர்களில் ஒருவர் அவர்.

'அண்ணாச்சி, அன்னைக்கே கேக்க நெனச்சேன், கொழுக்கட்டை ருசியில மறந்துட்டேன். மட்டையோட ஓரத்தக் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. நீலப் பனைன்னா மட்டையில வெள்ளைப் பூச்சு படிஞ்சிருக்கும். பல்லும் ரொம்பச் சிறுசா இருக்கும்.'

'இதோ' என்று பதில் போட்டுவிட்டுப் புறவாசலுக்குப் போனார். படம் தெளிவாக விழவேண்டுமென்று மட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்தார்.

ஸ்ஸ்…

ரத்தம். சர்ரென்று நீளமாக ஒரு கீறல்.

உலகத்தில் எத்தனையோ முள் குத்தும். பனை மட்டையின் ரம்பப் பல் அறுக்கிற அறுப்பு தனி. கருக்கு என்பார்கள். கரிசல் காட்டில் பிறந்து ஓடியாடிய எந்தக் கையும் அதை மறக்காது. பூவனநாதனின் கட்டைவிரலும் மறக்கவில்லை. அவருக்கு முன்னால் அதற்குத்தான் விஷயம் தெரிந்தது.

மெல்ல மட்டையைப் பார்த்தார். கறுப்பாக, கூராக, வரிசை வரிசையாகப் பல். ஓலையைப் பார்த்தார். பச்சை. காலையிலும் பச்சை, சாயங்காலமும் பச்சை.

வடலி. வரப்போரத்தில் தானாக முளைத்து, ஆடு கடித்து, கால் பட்டு வளர்கிற நாட்டுப் பனங்கன்று. மூன்று பக்கமும் பனை நிற்கிற ஊரில், பனங்கன்றுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டு, ஆங்கிலப் பெயர்ப்பலகை நட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

அண்ணாச்சி முதலில் செய்த காரியம், உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்து வந்து அதன்மேல் போர்த்தியதுதான்.

"ஏங்க, அதுக்குச் சளி புடிச்சிருக்கா?"

பின்னால் கோமதியம்மாள் நின்றாள். அவர் மனைவி. இந்தக் குடும்பத்தில் குறைவாகப் பேசிச் சரியாகப் பேசுகிறவள்.

"கோமதி… இது பனை."

"பனைதான்."

"நம்ம பனை."

அவள் அவர் விரலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மஞ்சள்தூள் எடுத்து வந்து அப்பினாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நான் பொதைச்ச கொட்டைங்க அது."

"என்னது?"

"நீங்க மணல்மேடு போட்டீங்கள்லா, அதுல ஒரு ஓரமா நான் கிழங்குக்குப் பனங்கொட்டை பொதைச்சேன். பொங்கலுக்குத் தோண்டும்போது ஒன்னு விட்டுப்போச்சு. உங்க மடகாஸ்கர் வெதையத்தான் அந்த வாரமே எலி இழுத்துட்டுப் போயிருச்சே."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள தெருவையே கூட்டிக்கிட்டு வந்து நிறுத்திட்டீங்க." பஞ்சை வைத்துக் கட்டினாள். "கடைய விட்டு வந்த பெறகு நீங்க வாயே தொறக்கல. சோறு வேணும்னாக்கூடத் தட்டத்தான் தள்ளுவீங்க. அந்த மொளையப் பாத்த அன்னைக்குத்தான் பேசுனீங்க. பேசிட்டுப் போகட்டும்னு விட்டேன். இம்புட்டுப் பேசுவீங்கன்னு யாரு கண்டா?"

"தெருவுக்குத் தெரியுமா?"

"பனை தெரியாத ஆளு நம்ம ஊர்ல யாரு இருக்கா? பக்கத்து வீட்டுக் கற்பகம் மைனி அடுத்த கார்த்திகைக்கு எனக்கும் ரெண்டு ஓலை குடுன்னு சொல்லி வச்சிருக்கா."

"எல்லாரும் ஆகா, ஓகோன்னாங்களே!"

"காப்பி வாங்கிக் குடிச்சிட்டு வேற என்ன சொல்லுவாங்க?"

அண்ணாச்சி மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் வாய் பழக்கதோஷம்.

"முத்துச்செல்விக்கு?"

கோமதியம்மாள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"கேட்டுட்டுத்தான் வெட்டுனா. 'அத்தை, இந்த வடலியில ரெண்டு ஓலை எடுத்துக்கிடட்டுமா'ன்னு. எடுத்துக்கன்னு சொன்னது நான்தான்."

"பெறகு… நான் ஏசும்போது?"

"நான் அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னேன்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு ஓலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அவளாவது, இது வடலிதான் மாமான்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்லா?"

"ரெண்டு பேர் வந்து நின்னாங்க. அவ சொல்லியிருந்தா உங்க மொகத்த எங்க கொண்டு வைப்பீங்க?"

கருக்கு கிழித்த இடம் எரியவில்லை. வேறு எங்கோ எரிந்தது.

பத்து மணிக்கெல்லாம் அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கோமதியம்மாள் மகனுக்குப் போன் போட்டாள்.

"சங்கரா, அப்பா பசுவந்தனைக்குப் போறாவ. நீயும் வா."

"எதுக்கு? மிச்சம் இருக்கத அங்கன போய் ஏசவா?"

"மன்னிப்புக் கேக்கவாம்."

கடையில் பெயிண்ட் கலக்கும் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி அவன் சிரிப்பது கேட்டது. "யம்மா, அப்பா மன்னிப்புக் கேட்டா, கோயில்பட்டி முழுக்க ஓசியில வெள்ளையடிச்சுத் தாரேன். எனக்கு வேலை கெடக்கு."

"நானும் நம்பலதான்" என்றாள் அவள். "கூடப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை அண்ணாச்சி மனைவிக்கு விட்டுக்கொடுத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து இது முதல் தடவை. காரணம் அன்பு அல்ல. வெளியே வழி நெடுகப் பனை நின்றது. ஒவ்வொன்றும் குனிந்து பஸ்ஸுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் கோமதியம்மாள்.

"ஏதோ வாய் தவறி…"

"அது மன்னிப்பு இல்ல. வாய் மேல பழி போடுதது."

அதன்பிறகு பசுவந்தனை வரும்வரை அவர் பேசவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "அண்ணாச்சிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வெளியே வயலையொட்டி சுடலைராஜ் வீடு. முந்தின ராத்திரி மழை. கரிசல் மழையில் நடந்தவர்களுக்குத் தெரியும். நாம் மண்ணில் நடப்பதில்லை, மண் நம்மேல் நடக்கும். ஒவ்வொரு செருப்பிலும் ஒரு ஏக்கர் ஏறியது. சம்பந்தி வாசலை அடைந்தபோது அண்ணாச்சி அரை முழம் உயர்ந்திருந்தார். ஆள் குறுகிப்போய் வந்ததால் சரியாகிவிட்டது.

முற்றத்தில் வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து, மக்காச்சோளக் காட்டில் பன்றி புகுந்து அழிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுடலைராஜ் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க சம்பந்தி! வாங்க மைனி! ஒரு போன் போட்டிருந்தா வண்டிய அனுப்பியிருப்பேம்லா? ஏட்டி முத்து, யாரு வந்திருக்கா பாரு!"

அண்ணாச்சி தயாராக வைத்திருந்த முதல் வாக்கியத்தைத் தேடினார். அதற்குள் சுடலைராஜே தொடர்ந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா புள்ளைய அனுப்பி வச்சீங்க, ரொம்பச் சந்தோசம். 'மாமாதான் நாலு நாள் இருந்துட்டு வான்னு அனுப்புனாவ'ன்னு சொன்னா."

அவள் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லவில்லை.

கோமதியம்மாள் கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். முடிந்தது கதை என்று அவள் நினைத்தாள். இனி இந்த மனிதர் எதற்குக் கேட்கப் போகிறார்? காப்பி குடிக்கலாம். பன்றி பற்றிப் பேசலாம். மருமகளைக் கூட்டிக்கொண்டு ராஜாமாதிரி வீடு திரும்பலாம். கதவு அகலமாகத் திறந்து கிடந்தது.

"கருத்தையா, இவியதான் எங்க சம்பந்தி" என்று சுடலைராஜ் மரத்தடிக்காரர்களிடம் அறிமுகம் செய்தார். "மடகாஸ்கர் பனை வளக்குதாவன்னு சொன்னேம்லா, இவியதான்."

நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பனையின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர் சுடலைராஜ். பிறந்ததிலிருந்து பனையைப் பார்க்கிறவர். இப்போதும் அவர் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை.

"நீலமா இருக்குமாம்லா அண்ணாச்சி?" என்றார் கருத்தையா, நிஜமான ஆசையோடு.

"நீலம்னா…" அண்ணாச்சியின் நாக்கு தானாகவே ஓட ஆரம்பித்தது. "அது காலையில பாக்கணும். வெயில் ஏறுததுக்கு முன்னால…"

முத்துச்செல்வி காப்பித் தம்ளர்களோடு வெளியே வந்தாள். "வாங்க மாமா. வாங்க அத்தை." மாமனாரின் நாக்கு நடுவில் நின்றுபோனதைக் கவனித்தவள், அவரைக் கைதூக்கிவிடுகிறமாதிரி கருத்தையாவிடம் சொன்னாள்: "மாமா அதப் புள்ளமாதிரிப் பாத்துக்கிடுவாவ சித்தப்பா. வெயில்ல கொடையே புடிப்பாவ."

அந்த ஒரு வார்த்தையில்தான் பூவனநாதன் உடைந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். முகத்தைத் திருப்பியிருந்தால் அவரும் திருப்பியிருப்பார்.

"சம்பந்தி," என்றார். குரல் சத்தமாக வந்துவிட்டது. "அது நீலப் பனை இல்ல. வடலி. நம்ம ஊரு வடலி."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கருத்தையா மட்டும் ஏமாந்த முகத்தோடு சுடலைராஜைப் பார்த்தார்.

"இருக்கட்டும் சம்பந்தி," என்றார் சுடலைராஜ் மெதுவாக. "பனைன்னா பனைதானே. காப்பி ஆறுது."

"இருங்க. முழுசாச் சொல்லிருதேன். இவ கார்த்திகைக்கு அதுல ஓலை வெட்டுனா. ரெண்டு வெளியாள் முன்னால வச்சு இவள ஏசிட்டேன். ஒங்க அப்பன் கரிசக்காட்டுல இதுமாதிரி ஒரு ஓலை முளைக்குமாட்டின்னு கேட்டேன்."

காற்று அந்த நேரம் பார்த்தா வீசவேண்டும்? சுடலைராஜின் வரப்போரத்துப் பனைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓலையைத் தட்டின. எண்ண ஆரம்பித்தால் அந்தி சாயும், அவ்வளவு பனை. மரத்தடியில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, இருமி, எழுந்தே போய்விட்டார்.

சுடலைராஜ் சிரிக்கவில்லை. அவர் முகம் இப்போதுதான் மாறியது.

"ஏட்டி, நெசமா?"

முத்துச்செல்வி தரையைப் பார்த்தாள்.

பூவனநாதன் அவள் பக்கம் திரும்பினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. செருப்பின் மண் கனத்தில் கால் நகரவில்லை. நல்லதாகப் போயிற்று. நகர்ந்திருந்தால் ஓடியிருப்பார்.

"தாயி, தப்பு என்னோடது. வாய் தவறிச் சொல்லல. எனக்குப் பெருசாத் தெரியணும்னு ஒன்னச் சிறுசாக்கிச் சொன்னேன். என்னைய மன்னிச்சிரு."

"அவியளாவது தெரியாம ஏசுனாவ," என்றாள் கோமதியம்மாள். "நான் வெட்டச் சொல்லிட்டுப் பேசாம நின்னேன். என்னையும் சேத்து மன்னிச்சிரு."

முத்துச்செல்வி தட்டை மாமனார் முன்னால் நீட்டினாள். "மொதல்ல குடிங்க மாமா. வடலிக்கு என்ன, மறுபடியும் குருத்து விடும்."

அவர் எடுத்துக்கொண்டார். அவசரமாகக் குடித்ததில் பாதி சட்டையில் விழுந்தது.

"அப்ப கெளம்பலாமா தாயி?"

"இல்ல மாமா."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்க சொன்னது வலிச்சுதுதான். இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்காக நான் பஸ் ஏறல." அவள் குரல் தணிந்தது. "நீங்க ஏசும்போது உங்க மகன் செல்லப் பாத்துக்கிட்டு நின்னாவ. அதுல ஒன்னுமே இல்ல மாமா, வெறும் கறுப்புத் திரை. நான் எட்டிப் பாத்தேன். அதுக்குத்தான் வந்தேன். அவிய வரட்டும். அவியகிட்டச் சொல்லுததுக்கு எனக்கு ஒரு விசயம் இருக்கு."

"என்ன விசயம்?" என்றார் சுடலைராஜ்.

"அவிய வந்த பெறகுதான்ப்பா."

உள்ளே போய்விட்டாள்.

கோமதியம்மாளின் பைக்குள் போன் அடித்தது. சங்கரபாண்டியன்தான். சிக்னல் கிடைக்காமல் வயல் ஓரம்வரை நடந்தாள்.

"என்னம்மா, அங்கன சண்டை ஆரம்பிச்சாச்சா?"

"நீ கெளம்பி வா."

"அவ வாராளா, இல்லையா?"

"நீ வந்து கூப்பிடு."

"நான் என்ன தப்புப் பண்ணேன்? ஏசுனது அப்பா. அவிய இறங்க மாட்டாவ, நான் மட்டும் அங்கன வந்து எல்லார் முன்னாலயும் தலை குனிஞ்சு நிக்கணுமா? அப்பா கேட்டாவளா? மொதல்ல அதச் சொல்லுங்க. பெறகு நான் வாரேன்."

கோமதியம்மாள் திரும்பிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் பூவனநாதன் ஒரு குச்சியால் செருப்பு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கருத்தையா பன்றி விரட்டிய கதையைச் சொல்ல, இவர் இடையில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை முன்பக்கம் முழுக்கக் காப்பிக் கறை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? கேட்டாவளா?"

"கேட்டாவ சங்கரா," என்றாள் அவள். "வழியெல்லாம் நான் நம்பல. பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரு சொல்லு மிச்சம் வைக்காமக் கேட்டாவ."